காலி டப்பாவின் வரலாறு

எங்க ஊர் மோட்டார் ரூம்ல ஒரு அலுமினிய டப்பா இருந்தது. மோட்டாருக்குத் தண்ணி மொண்டு ஊத்த அதுதான். லீவுக்குப் போறப்போ அதே டப்பாவுல நானே தண்ணி குடிச்சிருக்கேன். அது மருந்து டப்பான்னு காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சது. தாத்தாகிட்ட கேட்டா, "நல்லா கழுவித்தான்டா வெச்சோம்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

மருந்து! பூச்சிக்கொல்லிக்கு நம்ம ஊர்ல அதான் பேரு. இந்தி பேசுற ஊர்கள்லயும் 'தவா'ங்கிறாங்க. பேரே மருந்துன்னா பயம் எங்கேர்ந்து வரும்?

சரி, மேட்டருக்கு வர்றேன். இந்தியாவில் பூச்சிக்கொல்லிக்குன்னு ஒரு தனிச் சட்டம் வந்ததே, விஷமும் சாப்பாடும் ஒண்ணா கலந்ததாலதான். 1958 ஏப்ரல், மே மாசங்கள்ல கேரளாவிலும் அப்போதைய மெட்ராஸ் மாநிலத்திலும் சாப்பிட்டவங்க கொத்துக் கொத்தா மயங்கி விழுந்தாங்க. பம்பாயிலிருந்து கப்பல்ல வந்த கோதுமை மாவு மூட்டைகளோட ஃபாலிடாலும் வந்திருக்கு. பாரத்தியான்ங்கிற விஷத்தோட வியாபாரப் பேர் அது. வழியில கசிஞ்சு மாவுல கலந்திருச்சு. நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில விசாரணைக் கமிஷன் போட்டாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சு, 1968-ல பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்துற விதிகள் 1971-ல.

டப்பா மேல சாய்ச்சு வச்ச சதுரமும் அதுக்குள்ள கலர் முக்கோணமும் இருக்கே (சிவப்புன்னா கடும் விஷம், பச்சைன்னா இருக்கறதுலயே கம்மி), அதெல்லாம் அந்த விதிகள் தந்ததுதான். அதே விதிகள்ல 44-ஆவது விதி காலி டப்பாவைப் பத்திப் பேசுது. திரும்பப் பயன்படுத்திடாதபடி வெளியே போட்டு வைக்கக் கூடாது, உடைச்சு, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கணும். பொறுப்பு தயாரிக்கிறவங்களுக்கும் மருந்தடிக்கிறவங்களுக்கும்.

படிச்சதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நல்ல மூடியோட, கசியாத, உறுதியான டப்பாவை எந்த விவசாயி உடைச்சுக் குழி தோண்டிப் புதைப்பார்? டப்பாவை எங்க திருப்பிக் கொடுக்கணும், யார் வந்து எடுத்துக்கணும்னு விதியில ஒரு வரி கிடையாது.

ஜூலை 16, 2013. பீகார் சாரன் மாவட்டம், கண்டமன் கிராமத்து ஆரம்பப் பள்ளி. மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனாங்க. சமையல் எண்ணெயில மோனோகுரோட்டோபாஸ் இருந்ததுன்னு தடயவியல் சோதனை சொன்னது. முன்னாடி அந்த மருந்து இருந்த டப்பாவுலதான் எண்ணெயை வச்சிருந்ததா அதிகாரிகள் சொல்றாங்கன்னு ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு அதே மாசம் அறிக்கை விட்டுச்சு. தலைமை ஆசிரியைக்கு 2016-ல தண்டனை கிடைச்சது. காய்கறிப் பயிருக்கு அந்த மருந்து 2005-லேயே தடை. அதோட 36 சதவீதக் கரைசலுக்கு 2023-லதான் தடை ஆணை வந்தது.

1958-ல கப்பல், 2013-ல ஒரு டப்பா. நடுவுல 55 வருஷமும் ஒரு சட்டமும்.

தாத்தா 'நல்லா கழுவினோம்'னாரே, அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி!). ஒரு லிட்டர் டப்பாவுல கடைசியா 10 மில்லி ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு வைப்போம். 36 சதவீதக் கரைசல்னா அதுல மூணரை கிராமுக்கு மேல சுத்த விஷம். கால் டப்பா தண்ணி ஊத்திக் குலுக்கிக் கவிழ்த்தா, ஒட்டி நிக்கிற 10 மில்லியில பழைய மருந்து 0.4 மில்லிதான். ரெண்டாவது தடவை 0.015. மூணாவது தடவை ஆயிரத்துல ஒரு பங்கு மில்லிகூட இல்ல. 'மும்முறை அலசல்'னு சொல்றது இதைத்தான். ஆனா அலசுன தண்ணி வாய்க்காலுக்குப் போகக் கூடாது, ஸ்ப்ரேயர் டேங்குக்கே போகணும். அப்புறம் டப்பாவை ஓட்டை போட்டுடணும். மூணு தடவை அலசினாலும் அது சாப்பாட்டுக்கோ தண்ணிக்கோ ஆகாது.

பிரேசில்ல 2000-ல ஒரு சட்டம் போட்டாங்க. விவசாயி அலசி, ஓட்டை போட்டு, வாங்கின ஒரு வருஷத்துக்குள்ள பில்லுல எழுதியிருக்கிற இடத்துல டப்பாவைத் திருப்பிக் கொடுக்கணும். கடைக்காரர் வாங்கி வைக்க இடம் தரணும், கம்பெனி எடுத்துட்டுப் போகணும். மருந்து நேரடியாப் படுற பிளாஸ்டிக் டப்பாக்கள்ல பத்துல ஒன்பதுக்கு மேல இப்படித் திரும்பி வருதாம். அங்க மட்டும் விவசாயி ரொம்ப நல்லவர்னு இல்ல, கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம் இருக்கு, அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மோட்டார் ரூம்ல அந்த அலுமினிய டப்பா இல்ல. எங்கேன்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். பழைய இரும்புக்காரர் வந்தப்போ எடைக்குப் போட்டுட்டாராம்.