எண்ணூர் எண்ணெய்க் கசிவு பற்றி ஆய்வு எழுதுறீங்களா? இணையதளத்தை மேற்கோள் காட்டும்போது தேதியை விட்டுடாதீங்க!

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றே துறைமுகத்தின் முதல் அறிக்கை கூறியது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் கரையில் மீனவர்களும் தன்னார்வலர்களும் எண்ணெய்க் கசடை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு தகவலுமே இன்று இணையத்தில் கிடைக்கும். ஆய்வேட்டில் 'ஆதாரம்: இணையம்' என்றோ 'கூகுள்' என்றோ எழுதினால், எந்த நாள் தகவலை எடுத்தீர்கள் என்பது படிப்பவருக்கு எப்படித் தெரியும்? கூகுள் தேடித் தருமே தவிர, அது ஆதாரம் இல்லை.

லிங்க் மட்டும் போதுமா?

போதாது. எழுதியவர் பெயர், வெளியான தேதி, பக்கத்தின் தலைப்பு, இணையதளத்தின் பெயர், முழு முகவரி ஆகியவை வேண்டும். எழுதியவர் பெயர் இல்லையென்றால் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் போடலாம். செய்தி திருத்தப்பட்டிருந்தால், கடைசியாகப் புதுப்பித்த தேதியைக் குறியுங்கள். ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. முறைகளில் இவற்றின் வரிசை மாறும். உங்க துறை எதைக் கேட்கிறது என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கோங்க.

பார்த்த தேதி எதற்கு?

மணலியின் காற்றுத் தர அளவை இணையத்தில் காலையில் பார்த்தால் ஒரு எண், மாலையில் வேறு எண். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்குப் பார்த்த தேதி கட்டாயம் வேண்டும் என்கிறது ஏ.பி.ஏ. முறை. பக்கமே காணாமல் போகும் ஆபத்தும் உண்டு. அதனால் படித்த அன்றே 'வேபேக் மெஷின்' தளத்தில் அதைச் சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

எண்ணூரைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் இருக்கு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. 'எண்ணூர் எண்ணெய்க் கசிவு' என்று தேடினால் இரண்டு சம்பவங்களின் படங்களும் கலந்தே வரும். 2023 படத்துக்குக் கீழே 2017 என்று எழுதிவிட்டால், கப்பலிலிருந்து வந்த எண்ணெயும் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெயும் ஒன்றாகிவிடும்.

மேற்கோள் போட்டால் அப்படியே காப்பி அடிக்கலாமா?

கூடாது. வரிகளை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் வேண்டும். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் 40 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் திருத்தி எழுதித் தர வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும்.