தேரைத்தோல்

முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் மயிர்க்கால்தோறும் முள்போல் தடித்து, தொட்டால் அரம்போல் சொரசொரக்கும் தோலைச் சிறுவர் சிலரிடம் கண்டிருப்பீர்கள். "சரியாகக் குளிப்பதில்லை" என்று பெரியோர் கடிந்துகொள்வதும் உண்டு. அப்பழி எத்துணைப் பிழையானது என்பதை மருத்துவ வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1931-ஆம் ஆண்டு பீக்கிங் நகரில் பிரேசியர், ஹூ என்னும் இரு மருத்துவர்கள், 'ஏ' உயிர்ச்சத்துக் குறைவால் கண் வறண்ட நோயாளிகளின் தோலும் இவ்வாறு தடித்திருப்பதை எடுத்துரைத்தனர். இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், 1933-இல் இந்நோய்க்குக் கிரேக்க மொழியில் 'பிரைனோடெர்மா' என்று பெயரிட்டார். 'தேரைத்தோல்' என்பதே அதன் பொருள். குற்றம் நீராடாமையில் இல்லை, உணவுத் தட்டில் இருக்கிறது என்பது அன்றே புலனாயிற்று.

ஆனால், 'ஏ' உயிர்ச்சத்து ஒன்றே காரணமாயின், தோல் தடித்தவர் அனைவருக்கும் கண்ணும் கெட்டிருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு இல்லையே! இந்த ஐயத்தைத் தீர்க்க வேறொரு சான்று துணைசெய்தது. 1929-இல் அமெரிக்காவில் பர் தம்பதியர், கொழுப்பு அறவே நீக்கிய உணவை எலிகளுக்கு அளித்தனர். அவற்றின் தோல் செதில் செதிலாயிற்று. தாவர எண்ணெய்களில் மிகுந்துள்ள லினோலிக் அமிலம் உடலுக்கு இன்றியமையாதது என்பது அவ்வாராய்ச்சியின் பயன்.

நீலகிரியில் குன்னூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கோபாலன், தேரைத்தோலின் காரணத்தை ஆராய்ந்து 1947-இல் கட்டுரை வெளியிட்டார். சேலத்தில் பிறந்த அவ்வறிஞர், பின்னர் இந்திய உணவியலின் முன்னோடியாக விளங்கியவர். எண்ணெய்ச் சத்துக் குறைவும் 'பி' உயிர்ச்சத்துக் குறைவும் இந்நோயில் பங்குபெறுகின்றன என்னும் கருத்து இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது. ஒற்றைக் காரணம் தேடியவர்கள், வறிய உணவில் பல குறைகள் ஒன்றுகூடி வருவதை உணர்ந்தனர். கீரையும் பருப்பும் நல்லெண்ணெயும் மருந்துக்கு ஒப்பாகும் என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்லுணவு உண்போரிடமும், மேற்கையிலும் தொடையிலும் சொரசொரப்பு நெடுங்காலம் நீடிப்பதுண்டு. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, தீங்கற்றது, ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றாது. அதற்கு உயிர்ச்சத்து மாத்திரைகளை அளவின்றி விழுங்குதல் தகாது. 'ஏ' உயிர்ச்சத்து மிகுந்தால் ஈரலுக்குக் கேடு. கல்லால் தேய்ப்பதும் கிள்ளுவதும் தோலைப் புண்ணாக்கும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் உலருமுன் ஈரப்பதம் காக்கும் களிம்பு தடவுதலே நன்று. யூரியா கலந்த களிம்பும் தடிப்பை இளக்கும். முற்றும் நீங்காவிடினும் அடங்கியிருக்கும், விட்டால் திரும்பும். ஆதலின் நாள்தோறும் பேணுதல் வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் கடமை. தோல் தடித்த தோழனை ஏளனம் செய்யாதிருப்பது நம் கடமை. அவன் பசித்திருக்கிறானா என்று முதலில் கேட்போமாக!