பஞ்சத்துல வெட்டின கால்வாயும் எங்க வீட்டுத் தோணியும்

பக்கிங்காம் கால்வாய்னு சொன்னாலே சென்னையில இருக்கிறவங்க மூக்கைப் பொத்திக்குவீங்க. பறக்கும் ரயில்ல போகும்போது கீழே கறுப்பா தேங்கிக் கிடக்குதே, அதுதான். ஆனா அதோட தெற்கு முனை எங்க பக்கம், மரக்காணத்துல இருக்கு. ஆந்திராவில் பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரைக்கும் சுமார் 420 கிலோமீட்டர். எங்க ஊர்ப் பெரியவங்களுக்கு அது சாக்கடை இல்லை, பட்டணத்துக்குப் போற பாதை.

இப்ப இதை எழுதக் காரணம் ஒரு தோணி. என் மாமனார் வீட்டுக் களத்துக் கொட்டகையில, வைக்கோலுக்கு அடியில, 22 அடி நீளத்துல ஒரு மரத்தோணி பல வருஷமாக் கிடந்துச்சு. அவங்க அப்பா காலத்துல உப்பும் சவுக்கு விறகும் ஏத்தினதாம். விறகுக்கு உடைச்சிடலாம்னு பேச்சு வந்தப்ப, நான் வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். மண்வெட்டி பிடிச்ச கை இது. தோணி வேலை இதுதான் முதல் தடவை. வேலை பார்க்கப் பார்க்க, இது ஓடின தண்ணியோட கதையும் சேர்ந்தே வருது.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்ட ஆரம்பிச்சதுதான் முதல் துண்டு. எண்ணூர்ப் பக்கத்து உப்பு இந்த வழியாத்தான் சென்னைக்கு வந்துச்சு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல சால்ட் கோட்டர்ஸ் என்று ஒரு சரக்கு யார்டு இருக்கே, அது உப்புக் கொட்டாரம்தான். 1837-ல் கால்வாய் அரசாங்கத்து கைக்குப் போச்சு. வடக்கேயும் தெற்கேயும் கொஞ்சம் கொஞ்சமா நீட்டினாங்க. ஆனா சென்னைக்கு நடுவுல, கூவத்துக்கும் அடையாத்துக்கும் இடையில மட்டும் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டாமலே கிடந்துச்சு.

அதை வெட்டினது பஞ்சம். 1876-லிருந்து 1878 வரைக்கும் வந்த தாது வருஷப் பஞ்சத்துல லட்சக்கணக்கான சனங்க செத்தாங்க. பிழைக்க வழி தேடி பட்டணத்துக்கு வந்தவங்களை அரசாங்கம் நிவாரண வேலையில இறக்கிச்சு. அந்த வேலைகள்ல ஒண்ணுதான் இந்த 8 கிலோமீட்டர். அந்தப் பஞ்சத்துல நிவாரண வேலைக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வகுத்த கூலி, ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா காசு. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோகூட இல்லை. பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் அதைவிடக் குறைவு. இதைத் தின்னுட்டு மண்ணு வெட்ட முடியாதுன்னு டாக்டர் கார்னிஷ் என்ற மருத்துவ அதிகாரி சண்டை போட்டார். பிறகுதான் சென்னை மாகாணத்துல கூலி கூடிச்சு. மண்ணு வெட்டுறவனுக்கு எவ்வளவு சோறு வேணும்னு எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் படிச்சப்ப வயிறு என்னமோ பண்ணிச்சு. வேலை முடிஞ்சதும் கால்வாய்க்கு வச்ச பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவோடது. வெட்டினவங்க பெயர் எங்கேயும் இல்லை.

சரி, தோணிக்கு வரேன். முதல்ல பலகை பலகையா கத்தி முனையால குத்திப் பார்த்தேன். நல்ல மரம் தடுக்கும்; உளுத்தது உள்ளே வாங்கும். அப்படி நாலு பலகை கழிஞ்சுச்சு. துருப்பிடிச்ச இரும்பு ஆணியைப் பிடுங்கிட்டுச் செப்பு ஆணி அடிச்சோம். அப்புறம் கலப்பத்து. இந்த வார்த்தையை எங்க ஊர் ஆசாரிதான் சொல்லிக்கொடுத்தார். பலகை இடுக்குல இருக்கிற பழைய நாரைச் சுரண்டி எடுத்துட்டு, புதுத் தேங்காநாரை முறுக்கி, மொட்டை உளியால அடிச்சு இறக்கணும். மேலே குங்கிலியத்தை எண்ணெயில உருக்கி ஊத்தணும். கடைசியா வெளிப்பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய். அது தோலைப் பொசுக்கிடும், கையில துணி சுத்திக்கிட்டுத்தான் பூசணும்.

அணியத்துப் பக்கம் விளிம்புக் கட்டையில ஒரு பள்ளம் இருக்கு, என் கட்டைவிரல் படுக்கிற அளவுக்கு. காத்து இல்லாதப்போ தோணியில கயித்தைக் கட்டி, கரையில நடந்துகிட்டே ஆளுங்க இழுப்பாங்க. அந்தக் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம் அது. பாரதிதாசன் இந்தக் கால்வாயில படகுல மகாபலிபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு'ன்னு பாடியிருக்கார். கயிறு இழுத்த அந்தத் தொழிலாளிங்க அந்தப் பாட்டுல வர்றாங்க.

"இதை இழைச்சிட்டா வழவழன்னு ஆயிடும்ணே"ன்னார் ஆசாரி. "வேணாம் தம்பி, அது கிடக்கட்டும்"னுட்டேன். மத்த எதையும் மாத்தலாம், மரம் மரம்தான். அந்தப் பள்ளம் மட்டும் ஆளுங்களோடது.

ரயிலும் லாரியும் வந்தபிறகு சரக்கு குறைஞ்சுச்சு. 1965, 66, அப்புறம் 76-ல் அடிச்ச புயல்ல கரைங்க சிதைஞ்சு, தூர் மண்டி, படகு ஓட்டமே நின்னுபோச்சு. சென்னையில கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டுட்டாங்க. உப்பு இப்பவும் மரக்காணத்துல விளையுது, லாரியில போகுது.

அடுத்தது தோணியை எங்க ஏரியில, ஆழமில்லாத கரையோரமா, சில நாள் ஊறப்போடப் போறோம். கோடையில காஞ்சு தளர்ந்த வண்டிச் சக்கரத்தைக் குட்டையில போட்டா கட்டை ஊதி இறுகுமே, அதே கணக்குதான். பலகை இறுகி மிதந்தா, ஏரியில ஆகாயத்தாமரை வாரறதுக்கு வச்சுக்கலாம்னு எங்க ஊர்ப் பசங்க சொல்றாங்க. கண்ணாடிக் கூண்டுல வைக்கிறதைவிட அதுதான் சரின்னு எனக்கும் படுது. உழைச்ச மரம், உழைச்சுக்கிட்டே இருக்கட்டும்.