விரைவும் நிறுத்தமும்: சேலம் – நாமக்கல் சமவெளியில் இருப்புப்பாதையின் பொருளியல், சமூக விளைவுகள்

முன்னுரை

அதிவேக இருப்புப்பாதை குறித்த விவாதங்கள் பெரும்பாலும் வேகத்தையும் பயண நேரத்தையும் மையமிட்டே அமைகின்றன. வண்டி எங்கு நிற்கிறது, எந்த ஊரைக் கடந்து செல்கிறது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சேலம் – நாமக்கல் சமவெளியின் வரலாறு இவ்வினாவின் முதன்மையை உணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இரு பாதைகளுக்கு இடைப்பட்ட நிலம்

1856இல் இராயபுரத்திலிருந்து தொடங்கிய மதராஸ் இரயில்வேயின் மேற்குப் பாதை, 1861இல் சேலத்தை எட்டியது. சங்ககிரி, ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரையை நோக்கிச் சென்றது. தெற்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் வழியாக வந்த மற்றொரு நிறுவனத்தின் பாதை 1868இல் ஈரோட்டில் இணைந்தது. இவ்விரு பாதைகளுக்கும் இடையே இராசிபுரம், நாமக்கல், மோகனூர், திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் விடுபட்டன. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இருப்புப்பாதை வழியே நிலையத்துக்கு வந்த தானியம், அங்கிருந்து உள்வட்டங்களுக்கு மாட்டுவண்டியில்தான் செல்ல வேண்டியிருந்தது. நிலையத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட தொலைவே அன்று உயிர்ப்பிரச்சினையாக இருந்தது.

சாலையை நம்பிய பொருளாதாரம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாமக்கல் லாரித் தொழில், பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணை ஆகியவற்றாலும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாலும் நாடெங்கும் அறியப்பட்டன. இருப்புப்பாதை இல்லாமையே இவ்வளர்ச்சிக்குக் காரணம் எனக் கூறிவிட இயலாது. நிலையம் பெற்றிருந்த சங்ககிரியும் லாரித் தொழிலில் சிறந்து விளங்குவதே இதற்குச் சான்று. மழை குறைந்த மானாவாரி நிலம், உறவுமுறைக் கூட்டு முதலீடு ஆகியனவும் இணைத்துக் கருதத்தக்கவை. எனினும் பாதையின்மை, சாலைப் போக்குவரத்தின் தேவையை மிகுவித்தது எனக் கொள்ளலாம்.

2013க்குப் பின்

ஏறத்தாழ 85 கி.மீ. நீளமுள்ள சேலம் – நாமக்கல் – கரூர் அகலப்பாதை 2013 மே மாதம் திறக்கப்பட்டது. சேலத்திற்கு இருப்புப்பாதை வந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரே நாமக்கல் நகருக்கு நிலையம் கிடைத்தது. கோழித்தீவனத்திற்கான மக்காச்சோளம் இன்று வடமாநிலங்களிலிருந்து சரக்கு வண்டிகளில் நாமக்கல்லுக்கு வருகிறது. நிலையத்திலிருந்து பண்ணைகளுக்கும் கிடங்குகளுக்கும் லாரிகளே அதனைக் கொண்டு செல்கின்றன. ஆகவே இருப்புப்பாதையும் சாலையும் இங்குப் போட்டியாக மட்டுமன்றித் துணையாகவும் இயங்குகின்றன.

2023 ஏப்ரலில் சென்னை – கோயம்புத்தூர் வந்தே பாரத் வண்டி சேலத்தில் நிறுத்தம் பெற்றது. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மதுரை – பெங்களூரு வந்தே பாரத் வண்டி நாமக்கல்லிலும் நிற்கிறது. பன்னாட்டு வரையறைப்படி புதிய பாதையில் மணிக்கு 250 கி.மீ., மேம்படுத்தப்பட்ட பாதையில் 200 கி.மீ. வேகமே அதிவேகம் எனப்படும். எனவே இவை அதிவேக வண்டிகள் அல்ல. ஆயினும் 2013ஆம் ஆண்டுப் பாதை அமைந்திராவிடில் நாமக்கல் இவ்வசதியைப் பெற்றிருக்க வழியில்லை. திருச்செங்கோடு நகருக்கு இன்றும் நிலையம் இல்லை என்பது இதன் மறுபக்கம்.

முடிவுரை

மும்பை – அகமதாபாத் அதிவேகப் பாதையின் 508 கி.மீ. தொலைவில் 12 நிலையங்களே திட்டமிடப்பட்டுள்ளன. வேகம் கூடக் கூட நிறுத்தங்கள் குறைவது தொழில்நுட்பத்தின் இயல்பு. இத்தகைய பாதை கொங்கு வட்டாரத்தில் எதிர்காலத்தில் அமையுமானால், நிலம் கொடுக்கும் ஊர்கள் பலவாகவும் நிறுத்தம் பெறும் ஊர்கள் சிலவாகவும் இருக்கும். 1860களில் வரையப்பட்ட கோடு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஊர்களின் போக்கைப் பாதித்தது. ஆதலால் அதிவேகப் பாதையின் பயனை மதிப்பிடும் ஆய்வுகள், சேமிக்கப்படும் நேரத்தோடு, விடுபடும் ஊர்களையும் அவற்றை நிலையத்தோடு இணைக்கும் கிளைப் பாதைகளையும் பேருந்து வசதியையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.