கேலனின் மருந்தில் நம் திப்பிலி

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்கள் அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். ஏழடிப்பட்டக் குகைக்கும் ஏறிப் பாருங்கள் என்று அன்னவாசலில் என் நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கைகள் அங்கே உள்ளன. ஒன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து. உணவு, அடைக்கலம், கல்வியோடு மருந்தையும் தானமாகக் கொடுக்கச் சொன்னது சமணம். என் தொழிலுக்கு அது பெருமை.

அந்தக் காலத்தில் கிரேக்க வைத்தியர்களும் நம் சரக்கைத்தான் இடித்துக்கொண்டிருந்தார்கள். நோய் தெய்வக் குற்றமல்ல, உடம்பில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் நான்கும் நிலை பிறழ்வதே என்றது கோஸ் தீவின் ஹிப்போகிரட்டீஸ் மரபு. சளி குளிர்ச்சியும் ஈரமுமானது. அதை முறிக்கச் சூடும் வறட்சியுமான மருந்து வேண்டும். அதற்கு மிளகை விட்டால் வேறென்ன? அவர் பெயரில் வழங்கும் பெண்நோய் நூலே மிளகை இந்திய மருந்து என்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் கேலன் கருமிளகு, வெண்மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்துச் செரிமான மருந்து செய்தார். அதில் கொஞ்சம் சுக்கும் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்த்துத் திரிகடுகச் சூரணம் இடித்த கைக்கு அந்த மருந்தின் காரம் சொல்லாமலே தெரியும்.

விலையும் லேசில்லை. ரோமில் ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4 என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். இப்படிச் சரக்குக்காக வந்த பொன்னில் ஒரு பகுதி நம் மாவட்டத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்தது: 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு.

வாதம், பித்தம், கபம் என்னும் நம் கணக்கைக் கிரேக்கர்களிடம் வாங்கியதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. அவர்கள் நான்கில் வாதம் இல்லை. நம் மூன்றில் இரத்தம் இல்லை. கடல் கடந்தது சரக்கு என்பதற்குத்தான் சாட்சி இருக்கிறது.

அவர்கள் கொள்கை பிறகு வேறு வழியாக வந்தது. மதுரை இளங்கௌதமன் அறிவர் கோயிலைப் புதுப்பித்த அதே 9ஆம் நூற்றாண்டில், பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கேலனின் நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த மரபே யூனானியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியிலேயே கற்பிக்கிறார்கள்.

கிரேக்க மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோஸ், ரோம், பாக்தாத்தோடு நிறுத்தாமல் கறுக்காக்குறிச்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.