ஓர் இரவு மொழிபெயர்ப்பு

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இது சனிக்கிழமை மாலை. வெலிங்டனில் எனக்கு ஞாயிறு காலை. மாவோரி மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். நான் வரலாற்றாசிரியன் அல்லன், மொழிபெயர்ப்பு வேலையில் காலம் கழித்தவன். ஆகவே ஒரு மொழிபெயர்ப்பில் இருந்து தொடங்குகிறேன்.

1840 பெப்ரவரி 4, மாலை நான்கு மணி. பிரித்தானியக் கடற்படைக் கப்டன் வில்லியம் ஹொப்சன், ஓர் ஆங்கில வரைவை ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியின் கையில் கொடுக்கிறார். காலையில் மாவோரி மொழியில் வேண்டும் என்கிறார். வில்லியம்ஸும் அவருடைய மகன் எட்வர்டும் இரவோடு இரவாக அதை மொழிபெயர்த்தார்கள். மறுநாள் வைத்தாங்கியில் கூடாரம் அடித்து, குலத் தலைவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். 6ஆம் தேதி கைச்சாத்து. பிறகு அந்தத் தாளின் பிரதிகள் நாடெங்கும் கொண்டுபோகப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 540 பேர் ஒப்பமிட்டார்கள். ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர்கள் 39 பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் சம்மதித்தது மாவோரிப் பிரதிக்கு.

இரண்டும் ஒன்றைச் சொல்லவில்லை என்பதுதான் விடயம். ஆங்கிலத்தில் முதலாம் பிரிவு இறைமையை முழுதாக அரசிக்குக் கையளிக்கிறது. மாவோரியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'காவனதங்கா'. கவர்னர் என்ற சொல்லை மாவோரி நாக்கு 'காவனா' என்று திருப்பியிருந்தது. அதிலிருந்து கட்டிய சொல் இது. ஆளுநர் வேலை, நிர்வாகம் என்று கொள்ளலாம். தலைவர்களுக்கு அது விவிலியத்தில் கேட்டுப் பழகிய சொல். பொந்தியு பிலாத்து ஒரு காவனா. அவருக்கும் மேலே வேறு அதிகாரம் இருந்தது அல்லவா?

இரண்டாம் பிரிவு இதைவிட முக்கியம். நிலம், காடு, மீன்பிடி, பிற உடைமைகள் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கும் என்கிறது ஆங்கிலம். மாவோரிப் பிரதி 'தினோ ரங்கதிரதங்கா' என்கிறது. ரங்கதிர என்றால் தலைவன். முழுமையான தலைமை உங்களுடையதே என்று அதற்குப் பொருள். எவற்றின் மேல்? நிலங்கள், ஊர்கள், 'தஓங்கா' அனைத்தின் மேலும். தஓங்கா என்றால் பொக்கிஷம், அரும்பொருள், போற்றிக் காக்க வேண்டியது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1835இல், வடக்கின் தலைவர்கள் சுதந்திரப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். அதில் இறைமையைக் குறிக்க 'மனா' என்ற சொல்லும் 'கிங்கிதங்கா' என்ற சொல்லும் இருக்கின்றன. அதை மாவோரியில் எழுதியவரும் இதே வில்லியம்ஸ்தான். ஆகவே சொல் கிடைக்காமல் போகவில்லை. 1972இல் ரூத் ரொஸ் என்ற வரலாற்றாசிரியர் இரண்டு பிரதிகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த விவாதம் ஓயவே இல்லை. வில்லியம்ஸ் வேண்டுமென்று செய்தாரா, அவசரமா? மனாவைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் ஒருவரும் பேனாவைத் தொட்டிருக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நேரம் போதவில்லை என்று நாங்களும் சொல்வதுண்டுதான். ஆனால் எங்கள் பிழையால் ஒரு நாடு கைமாறியதில்லை.

அன்று அங்கே ஒருவருக்கு உறுத்தியது. அவர் வில்லியம் கொலென்சோ, மிஷன் அச்சகத்தின் அச்சுக்காரர். தமிழர் பலருக்கு அவரைப் பெயர் தெரியாமலே தெரியும். 1836 அளவில் ஃபங்கரே பக்கத்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரத்தை, ஓர் இரும்புச் சட்டி கொடுத்து வாங்கியவர் அவர்தான். அது உடைந்த கப்பல் மணி. முகைதீன் பக்ஷ் கப்பலுடைய மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது இங்கே தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வைத்து, குக்குக்கு முன்பே தமிழன் வந்தான் என்று வாட்ஸப்பில் ஓடும் கதைகளை நான் நம்புவதில்லை. எனக்கு மணியைவிடக் கொலென்சோ 6ஆம் தேதி செய்த காரியம்தான் பெரிது. ஹொனே ஹேகே முதலாவதாக ஒப்பமிட வந்தபோது கொலென்சோ குறுக்கிட்டு, இவர்களுக்கு இதன் பொருள் விளங்கியதா என்று ஹொப்சனைக் கேட்டார். விளங்காவிட்டால் அது தன் குற்றமில்லை என்ற பாங்கில் ஹொப்சன் பதில் சொன்னார். ஒப்பமிடல் தொடர்ந்தது. பதினொரு நாள் கழித்து மாவோரிப் பிரதியை அச்சடித்தவரும் கொலென்சோவேதான். அதே ஹேகே நான்கு ஆண்டுகளில் கோரோராரேகாவின் கொடிமரத்தை வெட்டத் தொடங்கினார்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். கன்ரபரியின் பெரும்பகுதி 1848இல் 2,000 பவுணுக்கு வாங்கப்பட்டது. 1860களில் போர். 1863இல், கிளர்ச்சி செய்தவர்களின் நிலத்தைப் பறிக்கச் சட்டம். வைகாத்தோவில் மட்டும் 12 லட்சம் ஏக்கர் பறிபோனது. 1865இல் வந்த சுதேச நில நீதிமன்றம் துப்பாக்கி தூக்காமலே அதிகம் சாதித்தது. குலம் முழுவதற்கும் பொதுவான நிலத்துக்குப் பத்துப் பெயர்களை மட்டும் உறுதியில் எழுதினார்கள். அந்தப் பத்துப் பேரும் சட்டத்தின் கண்ணில் தனி உரிமையாளர்கள். வழக்குக்காக நகரத்தில் மாதக்கணக்கில் தங்கிய செலவு, நில அளவையாளர் கட்டணம், கடைக்கடன் எல்லாம் சேர்ந்து நிலத்தை விற்க வைத்தன. இன்று மாவோரி நிலமாக எஞ்சியிருப்பது நாட்டின் பரப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். 1877இல் தலைமை நீதியரசர், ஒப்பந்தத்துக்குச் சட்ட வலுவே இல்லை என்று எழுதிவிட்டார்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1884இல் மாவோரி மன்னர் தாஃபியாவோ விக்டோரியா அரசியைப் பார்க்க லண்டன் போனார். அரசியைப் பார்க்க விடவில்லை. உங்கள் அரசாங்கத்திடமே போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். யாருக்கு எதிராக முறையிட்டாரோ, அவர்களிடமே மனு திரும்பி வந்தது. ரத்தானா 1924இல் லண்டன் போய், அங்கும் கதவு திறக்காமல் ஜெனீவா வரை முயன்றார். நம்மவர்களுக்கு ஜெனீவா பற்றி விளக்கத் தேவையில்லை.

மொழிக்கு வருகிறேன். ஒரு சிறு இடைச்செருகல்: மாவோரியில் ங சொல்லுக்கு முதலிலேயே வரும். ஆத்திசூடிக்கு வெளியே நாம் எழுதிப் பார்க்காத அந்த எழுத்தை 'ஙாதி' என்று இங்கே குலப்பெயர்களின் தலையில் வைக்கலாம்.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த சுதேசப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. மாவோரிப் பெற்றோர் பலர் அதை விரும்பவும் செய்தார்கள். வீட்டில் மாவோரி இருக்கிறதே, பள்ளியில் ஆங்கிலம் கிடைக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பிழைத்தது என்பதை மூன்று எண்கள் சொல்லும். 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் 90 விழுக்காட்டினர் தாய்மொழி பேசினார்கள். 1953இல் 26. 1975இல் 5க்கும் கீழே. பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கியவர்கள், தம் பிள்ளைகள் அடி வாங்கக் கூடாதென்று வீட்டிலும் ஆங்கிலம் பேசினார்கள். போருக்குப் பின் கிராமங்களில் இருந்து நகரத்துக்குப் போனது மிச்சத்தையும் கரைத்தது.

எதிர்ப்பும் அந்த நகரத்துப் பிள்ளைகளிடமிருந்தே எழுந்தது. 1972 செப்டெம்பர் 14 அன்று 'ஙா தமதோஆ' என்ற இளைஞர் இயக்கமும் தோழமை அமைப்புகளும் பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கோரி 30,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளை நாடாளுமன்றத்தில் கொடுத்தன. முன்னின்றவர்களில் சிலருக்கே மாவோரி பேச வராது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே தேதியில், 79 வயது ஃபினா கூப்பர் வடகோடியில் இருந்து வெலிங்டனுக்கு நில நடையைத் தொடங்கினார். 1978இல் ஒக்லாந்தின் பாஸ்ரியன் பொயின்றில் 506 நாள் இருந்தவர்களைப் பொலிஸும் இராணுவமும் அகற்றின. 222 பேர் கைது. அந்த நிலம் பின்னாளில் திரும்பிக் கிடைத்தது.

1982இல் முதலாவது 'கோஹங்கா ரெயோ' வைனுயோமாத்தாவில் திறந்தது. மொழிக்கூடு என்று பொருள். பாட்டிமார் முழுநாளும் குழந்தைகளோடு மாவோரியிலேயே இருப்பார்கள். வாரத்துக்கு இரண்டு மணிநேரம் தமிழ்ப்பள்ளி நடத்தும் நமக்கு, முழுநாள் என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டிய சொல். மூன்று ஆண்டுகளில் இத்தகைய கூடுகள் 300ஐத் தாண்டின. ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் மொழி கழன்றுவிடுகிறது என்று கண்டவர்கள், 1985இல் மேற்கு ஒக்லாந்தில் அரசின் அங்கீகாரம் இல்லாமலே தங்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கீகாரம் 1989இல் தான் வந்தது.

இப்போது தஓங்காவுக்குத் திரும்புவோம். 1975இல் அமைந்த வைத்தாங்கித் தீர்ப்பாயத்தில், ஹுயிராங்கி வைகெரெபுருவும் தோழர்களும் மொழிக்காக ஒரு கோரிக்கை வைத்தார்கள். வாதம் எளிது. தஓங்காவைக் காப்பதாக உறுதியளித்தீர்கள், மொழி எங்கள் தஓங்கா. 1986இல் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு மாவோரி அதிகாரபூர்வ மொழியானது. ஆங்கிலப் பிரதியில் மட்டும் நின்றிருந்தால், 'பிற உடைமைகள்' என்ற சொல்லில் இருந்து மொழியைத் தோண்டி எடுப்பது கடினம். அந்த ஓர் இரவு மொழிபெயர்ப்பில் ஒரு சொல் ஏமாற்றியது. இன்னொரு சொல், எழுதியவரே நினைத்திராத வகையில், 146 ஆண்டு கழித்துச் சாட்சி சொன்னது.

இது வெள்ளையருக்கும் மாவோரிக்கும் உள்ள வழக்கு, நாங்கள் நேற்று வந்தவர்கள் என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வதிவிட அனுமதி தந்த அரசுக்கு ஆளும் உரிமை எந்தத் தாளில் இருந்து வந்தது? ஒப்பந்தத்தின் வழியே இங்கு வாழ்பவர்களை 'தங்காதா திரிதி' என்பார்கள், ஒப்பந்த மக்கள். நானும் அதில் ஒருவன். ஈழத்தமிழனாக மாவோரிக் கதையைக் கேட்டு, நம் கதை போலவே இருக்கிறதே என்று சொல்ல வாய் வரும். நிலத்திலும் மொழியிலும் ஒற்றுமை உண்டு. ஆனால் இந்தக் கதையில் நான் நிற்பது குடியேறியவர்களின் வரிசையில்.

2024இல் ஒப்பந்தக் கோட்பாடுகளைச் சட்டத்தால் திருத்தி எழுத ஒரு மசோதா வந்தது. நவம்பர் 19 அன்று நாடாளுமன்றத்தின் முன் 42,000 பேர் என்று பொலிஸ் கணக்கிட்ட கூட்டத்தில் நானும் நின்றேன். தமிழ் முகங்கள் சில இருந்தன, அதிகம் இல்லை. அடுத்த ஏப்ரலில் 112க்கு 11 என்று மசோதா தோற்றது. வைத்தாங்கி இருக்கும் மண்ணுக்குரிய ஙாபுஹி மக்களோ இன்னும் அரசோடு இறுதி உடன்பாட்டுக்கு வரவில்லை. 1840 பெப்ரவரியில் ஒப்பமிட்ட தலைவர்கள் இறைமையைக் கையளிக்கவில்லை என்று 2014இல் தீர்ப்பாயம் சொன்னது அவர்கள் தொடுத்த வழக்கில்தான். அரசு அதை ஏற்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.