ரெக்ஸ்டேலின் ராங்லரும் கொழுக்குமலை ஜீப்பும்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எங்கே முதலில் கை வைப்பது? இதற்கு ரெக்ஸ்டேலில் ஒரு விடை, கொழுக்குமலையில் இன்னொரு விடை. ரொறன்ரோவின் இந்த வடமேற்கு மூலையில் இன்னும் ஓடுகிற பழைய ஜீப் ராங்லர்களுள் 1997 முதல் 2006 வரை வந்த டிஜே மாடலை எடுத்துக்கொள்வோம்: 4.0 லீற்றர், ஆறு சிலிண்டர், பெற்றோல். அந்தப் பக்கம், சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்ட எல்லையிலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல்லிலும் குழியிலும் ஆள் ஏற்றிப்போகும் மஹிந்திரா டீசல் ஜீப். இரண்டுக்கும் பாட்டன் ஒருவர்தான், இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ். ஆனால் நோய்கள் ஒத்துப்போவதில்லை.

பழைய டீசல் ஜீப்புக்குப் புறப்படுவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். ஹீட்டர் பிளக் சூடாகி, ஸ்டார்ட்டர் சுற்றி, எஞ்சின் பிடித்துவிட்டால் மிச்சத்தை டீசல் பம்ப் பார்த்துக்கொள்ளும். பற்றறி செத்தாலும் சரிவில் தள்ளி, கியர் போட்டு எடுக்கலாம். எனவே ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றால் டீசல் லைனில் காற்றுப் புகுந்ததா, பில்டர் அடைத்ததா என்றுதான் பார்க்க வேண்டும். பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை விரலால் அழுத்தினால் முதலில் நுரைநுரையாக வரும். குமிழி நின்று டீசல் தெளிவாக வழிந்ததும் திருகை இறுக்கிவிடலாம். ஒரு ஸ்பேனர் போதும்.

ராங்லரின் கதை வேறு. எஞ்சினின் பின்புறத்தில், பிளைவீலை ஒட்டி, கிராங்க் சென்சார் என்ற சிறு பொருள் இருக்கிறது. அது செய்தி அனுப்பாவிட்டால் கணினி தீப்பொறியையும் கொடுக்காது, பெற்றோலையும் விடாது. சூட்டில் அது மயங்கி, ஆறியதும் மறுபடி வேலை செய்வதுண்டு. நெடுஞ்சாலை 401இல் திடீரென நின்று, அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிற வண்டியில் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும்.

கணினி இல்லாத வண்டியில்தான் பழுது பிடிப்பது சுலபம் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ராங்லரில் ஓபிடி ரீடரைச் செருகினால் பழுதுக் குறியீடு வருகிறது. மஹிந்திராவில் புகையைப் படிக்கத் தெரிய வேண்டும். அதிலும் 7,000 அடிக்கு மேலே காற்றே கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மெலிந்துவிடுவதால், ஏற்றத்தில் கறுப்புப் புகை வந்ததும் இன்ஜெக்டரைக் கழற்றுவது வீண் வேலை.

குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. காரணம், ரெக்ஸ்டேலில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு. நான்கு சென்சார்கள் ஒரே நாளில் கெட்டதாக ரீடர் சொன்னால், நான்கும் ஒன்றாகச் சாகவில்லை; எர்த் வயர்தான் அரித்திருக்கும். மேலே உறை பளபளப்பாக இருக்கும். முனையைச் சீவினால் உள்ளே பச்சைத் தூள். மல்ட்டிமீற்றரின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்திலும் மற்றதைப் பற்றறியின் நெகட்டிவிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தொட்டால் அந்த வயரை மாற்றியே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் நல்ல ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் இங்கே குறைவில்லை. மைனஸ் 18 பாகையில் பற்றறியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும், எஞ்சின் ஒயிலும் தடித்துவிடும். அப்போது சிறு அரிப்பும் பெரிதாகத் தெரியும்.

பிரேக்கிலும் இதே வேறுபாடுதான். மலை இறக்கத்தில் டிரம் கொதித்து மிதி வேலை செய்யாமல் போகும். அதற்கு மருந்து சின்ன கியரில் இறங்குவது. இங்கே உப்பு பிரேக் குழாயையே தின்றுவிடும்.

மலையில் உடைவது பட்டை ஸ்பிரிங். கழற்றி மாற்றிவிடலாம். ராங்லரில் சுருள் ஸ்பிரிங் தாங்கும். ஆனால் பெட்டிபோல மூடிய அதன் சேஸின் உள்ளே உப்புச் சேறு தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும், பின்சக்கரங்களுக்கு முன்னால்தான் அதிகம். எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சேஸ் ஓட்டையானால் ஒன்ராறியோவின் சேஃப்டி சான்றிதழ் கிடைக்காது. பழைய டிஜே வாங்கப் போகிறவர் பொனற்றைத் திறப்பதற்கு முன் கீழே படுத்து அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டட்டும். கணீரென்று கேட்டால் மேற்கொண்டு பேசலாம். மந்தமாகக் கேட்டால் விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.